மூணாவது ஜன்னல்

– அதான் சொல்றேன்ங்க, இன்னும் பஸ்ஸே வரல. நீங்க ஜங்ஷன்லயே நில்லுங்க. பூசணிய நனைய விட்டுடாதீங்க, நேத்து ராத்திரியில இருந்தே அவனுக்கு மூக்கு ஒழுகுது. கேக்குதா?

– யாரை நனைய விடாதேங்கற?

– பூசணியத்தான். பின்ன உங்களையா?

– என்ன, விளையாடறியா? அவன் உன் மடியிலதானே இருக்கான்?

– என் மடியில சாப்பாட்டு டப்பாதான் இருக்கு.

– இரு, இரு. ஒண்ணொண்ணா வருவோம். நீ இப்ப எங்க இருக்க?

– பஸ் ஸ்டாண்ட்ல.

– பஸ்ல இல்லையா?

– வந்தாத்தானே ஏற? எத்தனை தடவை சொல்றது? வழியில எங்கயோ மரம் விழுந்து கிடக்காம். பதினேழாம் நம்பர் ஒண்ணுகூட வரல. ஒண்ணேமுக்கால்ல இருந்து உங்களுக்கு அடிச்சு அடிச்சு என் விரல் தேஞ்சுபோச்சு. இடி இடிச்சதுல லைனே இல்ல, இப்பத்தான் கிடைச்சுது.

– பதினேழு வந்துச்சே. ஒண்ணு அம்பதுக்கு டாண்ணு வந்து நின்னுச்சே. நான் உன் கையில... ஜன்னல் வழியா... பூசணிய கொடுத்தேனே!

– யார் கையில?

– உன் கையில!

– நான் இங்க இருக்கேன்ங்க.

– அப்ப நான் யார்கிட்ட கொடுத்தேன்?

– ஏங்க, இப்படியெல்லாம் பேசாதீங்க. பிள்ளை உங்க தோள்ல இருக்கானா, இல்லையா? ஒரே வார்த்தையில சொல்லுங்க.

– இல்ல.

– இல்லைன்னா?

– ஒரே வார்த்தையில சொல்லச் சொன்னியே. இல்ல. பையும் இல்ல. பால் புட்டி, துணி, தொப்பி எல்லாத்தையும் சேர்த்துக் கொடுத்தேன். இருபத்தஞ்சு நிமிஷம் ஆச்சு. நான் இங்க கடை வாசல்ல நின்னு, கம்பெனி வேன் ஏன் இன்னும் வரலன்னு யோசிச்சுக்கிட்டிருக்கேன்.

– யோவ்! பத்து மாசப் பிள்ளையய்யா! யார்னு தெரியாம பஸ்சுக்குள்ள தூக்கிக் கொடுத்துட்டு வேனுக்கு யோசிக்கிறியா?

– தெரியாம கொடுக்கல. உன்னைத்தான்னு தெரிஞ்சுதான் கொடுத்தேன்.

– என்னைத்தான்னு எதை வச்சு தெரிஞ்சுக்கிட்ட? சொல்லு.

– நீலக்கோட்டு.

– நீலக்கோட்டு எங்க மாத்திரை கம்பெனியில நாப்பது பேர் போடறோம்! நாப்பது பேரும் உனக்குப் பொண்டாட்டியா?

– இரு, கத்தாத. நான் என்ன சொல்றேன்னா, நீ எப்பவும் உக்காருவியே, மூணாவது ஜன்னல்...

– நாலாவது.

– மூணாவது.

– டிரைவர்கிட்ட இருந்து எண்ணினா நாலாவதுங்க. ரெண்டு மாசமா நான் அங்கதான் உக்கார்றேன்.

– டிரைவருக்குப் பக்கத்துல இருக்கறதை நான் எண்ண மாட்டேன். அது ஜன்னல் இல்ல, சின்ன கண்ணாடி. அதை விட்டுட்டு மூணாவது.

– அய்யோ, ஜன்னல் எத்தனாவதா இருந்தா என்ன? பிள்ளை எங்க?

– நீதானே முதல்ல நாலாவதுன்ன.

– சரி, விடுங்க. என்ன நடந்துச்சுன்னு சொல்லுங்க. முழுசா. மழுப்பக்கூடாது.

– புழுதிக்காத்துன்னா புழுதிக்காத்து, அப்படி ஒரு காத்து. கண்ணத் திறக்க முடியல. பூசணி முகத்த என் சட்டைக்குள்ள பொத்தி வச்சிருந்தேன். பஸ் வந்துச்சு, எல்லா ஷட்டரும் இறக்கி விட்டிருந்துச்சு. நான் மூணா... நம்ம ஜன்னல தட்டினேன். ஷட்டர் பாதி ஏறுச்சு. உள்ள தொப்பி, மாஸ்க், நீலக்கோட்டு. ரெண்டு கை நீண்டுச்சு. கொடுத்தேன். பையையும் கொடுத்தேன். அதே நேரம் இடி. பஸ் கிளம்பிடுச்சு. அவ்ளோதான்.

– வெளியில வந்த பிறகும் மாஸ்க்கா?

– புழுதிக்குப் போட்டிருப்பேன்னு நினைச்சேன். நீன்னுதானே நினைச்சேன்.

– கைய பாத்தீங்களா?

– பாத்தேன்.

– எப்படி இருந்துச்சு?

– கை மாதிரி இருந்துச்சு.

– அய்யோ கடவுளே. வளையல் இருந்துச்சா? மோதிரம்? நகம்? என் கட்டைவிரல்ல பிளாஸ்டர் சுத்தியிருக்கு, அது இருந்துச்சா?

– உன் விரல்ல எப்ப அடிபட்டுச்சு?

– நாலு நாள் ஆச்சு.

– சொல்லவே இல்லையே.

– எப்ப சொல்ல? நீங்க ராத்திரி வரும்போது நான் தூங்கிடறேன். நான் விடியுமுன்ன போகும்போது நீங்க தூங்கறீங்க. ஜன்னல்ல பாக்கறது ஒரு நிமிஷம். அதுல பால் குடிச்சானா, வெளிக்குப் போனானான்னு கேக்கறதுக்கே நேரம் பத்தல. விரலப் பத்தி எங்க சொல்ல?

– சரி, சரி. போலீசுக்குப் போன் போடறேன்.

– என்னன்னு சொல்லுவீங்க? ஜன்னல்ல ரெண்டு கை வந்துச்சு, பிள்ளைய கொடுத்துட்டேன்னா? உங்களைத்தான் முதல்ல பிடிச்சு உக்கார வைப்பாங்க.

– பின்ன என்ன பண்ண? நீயே சொல்லு. எனக்கு மூளையே ஓடல. மூணு நாளா தூக்கம் இல்ல. நேத்து பகல் பூரா ஃபேன் ஓடல, சுவத்துல கை வச்சா தோசைக்கல்லு மாதிரி சுடுது. அவனுக்கு முதுகெல்லாம் வேர்க்குரு. ஈரத்துணிய ஜன்னல்ல கட்டறேன், அரை மணியில அப்பளமா காயுது. தினம் சாயங்காலம் ஊரையே புரட்டற மாதிரி மழை பெய்யுது, ஆனா சூடு இறங்கினபாடில்ல. பஸ் வந்ததும் எனக்குத் தோணினது ஒண்ணே ஒண்ணுதான்.

– என்ன?

– கொடுத்துட்டு, போய் எங்க ஐஸ் கம்பெனி ரூமுக்குள்ள நிக்கணும்.

– அழுதானா?

– யாரு?

– பூசணிங்க! கொடுக்கும்போது அழுதானா?

– அழல. சிரிச்சான்னு நினைக்கிறேன். அந்தத் தொப்பிய பிடிச்சு இழுத்தான்.

– தெரியாதவங்கன்னா அவன் வீல்னு கத்துவான். மாடிவீட்டம்மா தூக்கினாலே ஊரைக் கூட்டுவான். அப்ப தெரிஞ்ச கைதான். லேபிள் அக்காவா இருக்குமோ?

– அது யாரு?

– என் பக்கத்து சீட்டு. டப்பால லேபிள் ஒட்டறவங்க. தினம் அவன் கன்னத்த கிள்ளுவாங்களே. நீங்க பாத்ததே இல்லையா?

– நான் உன்னையே... சரி, அவங்களுக்குப் போடு.

– லைன்லயே இருங்க, அடிச்சுப் பாக்கறேன். சுவிட்ச் ஆஃப்னு வருது.

– அது சரி, மரம் விழுந்து ரோடு அடைஞ்சிருக்குன்னா, பதினேழு எப்படி இங்க வந்துச்சு?

– ... வேற ரோடு வழியா சுத்தி வந்திருக்கும். இப்ப அதுவா முக்கியம்? நீங்க அந்த பஸ் பின்னாடியே போங்க. நம்ம ஸ்டாப்ல யாராவது பிள்ளையோட நிக்கறாங்களான்னு பாருங்க. இல்லைன்னா டெப்போ வரைக்கும் போங்க. நான் ஆட்டோ பிடிச்சு வீட்டு ஸ்டாப்புக்கு வரேன்.

– வேன் வந்துடுச்சு.

– வேனா?

– அனுப்பிடறேன், அனுப்பிடறேன். போகச் சொல்லிட்டேன். நான் ஓடறேன்.

*

– ஏங்க! நிழற்குடைக்குள்ளயா நிக்கறீங்க? கிடைச்சானா?

– பார்த்து வா, முழங்கால் தண்ணி. அந்தப் பக்கம் குழி இருக்கு. கைய கொடு.

– என் கைய விடுங்க. கிடைச்சானான்னு கேட்டேன்.

– இல்ல.

– டெப்போ?

– போனேன். பஸ் காலியா நின்னுச்சு. கண்டக்டர பிடிச்சுக் கேட்டேன். ஒரு பொண்ணு தூங்கற குழந்தையோட இறங்கினாங்க, எந்த ஸ்டாப்னு ஞாபகம் இல்லைங்கறார். முகம் எப்படின்னு கேட்டா, எல்லாரும் முகத்த மூடிக்கிட்டு இருந்தாங்க சார், நான் டிக்கெட்டதான் பாத்தேன்ங்கறார்.

– தூங்கினானா?

– அப்படித்தான் சொன்னார். தூங்கற குழந்தைன்னு.

– தூங்கினா பரவால்ல. பசிச்சா?

– பை இருக்கே. பால் இருக்கே.

– சூடு பண்ணித் தரணும்னு அந்தப் பொம்பளைக்குத் தெரியுமா?

– வீட்டுக்கும் போய்ப் பாத்தேன். பூட்டுதான். மாடிவீட்டம்மாகிட்ட கேட்டேன். நீங்கதானேப்பா தூக்கிட்டுப் போனீங்கன்னு என்னை மேலயும் கீழயும் பாத்தாங்க. லேபிள் அக்கா?

– இன்னும் ஆஃப்லதான் இருக்கு. இன்னும் நாலு பேருக்குப் போட்டேன். யாருக்கும் தெரியல.

– அவங்க வீடு எங்க?

– கடைசி ஸ்டாப்புக்கு ரெண்டு ஸ்டாப் முன்னாடி. அவ்வளவுதான் தெரியும். வீடு தெரியாது. அங்க போய் ஒவ்வொரு கதவா தட்டலாம்.

– தட்டலாம். வா.

– இருங்க. ஒரு நிமிஷம் உக்காந்துக்கறேன்.

– திட்டு.

– என்ன?

– போன்ல அந்தக் கத்து கத்தின. இப்ப நேர்ல நிக்கறேன், ஒண்ணும் சொல்ல மாட்டேங்கற. திட்டிடு. எனக்கு அது தேவலாம்.

– வேண்டாம்.

– யோவ்னு கூப்பிட்டியே. இன்னொரு தடவை கூப்பிடு.

– வேண்டாம்னு சொல்றேன்ல.

– ஏன்? எனக்குப் புரியல. தப்பு என் மேலதானே? நான் ஆட்டோல வரும்போது யோசிச்சுக்கிட்டே வந்தேன். இன்னைக்கு மட்டும் இல்ல. நேத்தும் நான் உன் முகத்த பாக்கல. முந்தாநாளும் இல்ல. பஸ் வரும், ஜன்னல் திறக்கும், நீலக்கோட்டு தெரியும், கொடுப்பேன், திரும்பி வேனப் பாப்பேன். கம்பெனியில ஐஸ் பாளத்த ஷட்டர் வழியா வண்டியில தள்ளி விடுவோம்ல? அந்தப் பக்கம் வாங்கறது யார்னு பாக்க மாட்டோம். அதே மாதிரி ஆயிடுச்சு. நீ மெலிஞ்சிருக்க. இப்பத்தான் பாக்கறேன்.

– ஏங்க, பேசாம இருங்க.

– நிஜமாத்தான் சொல்றேன்.

– தெரியுது. அதான் பேசாம இருங்கன்னு சொல்றேன். நீங்க நல்லவரா பேசப் பேச எனக்கு என்னவோ பண்ணுது.

– போன்! உன் போன் அடிக்குது!

– தெரியாத நம்பர்.

– எடு, எடு! ஸ்பீக்கர்ல போடு!

– ஹலோ?

– அப்பாடி, எடுத்தியா! நான்தான் லேபிள் அக்கா பேசறேன். என் போன் மழையில குளிச்சுட்டு மூச்சு விட மாட்டேங்குது. இது பக்கத்து வீட்டுப் பொண்ணு போன். நம்பர் எப்படித் தெரிஞ்சதுன்னு கேக்கறியா? பிள்ளை பை மேல நான்தானே போன மாசம் உன் நம்பர எழுதி லேபிள் ஒட்டினேன்! அப்ப சிரிச்சியே, இப்பப் பாத்தியா?

– அக்கா! பூசணி? பூசணி உங்ககிட்டயா?

– பின்ன வேற யார்கிட்ட? இதோ என் மடியில உக்காந்து பக்கத்து வீட்டுக்காரி கரண்டிய கடிச்சுக்கிட்டிருக்கான். பால் குடிச்சான், சூடு பண்ணித்தான் கொடுத்தேன். மூக்கத் துடைச்சுவிட்டேன்... அட, எதுக்கு அழற? பிள்ளை நல்லா இருக்கான்டி. ஏ பூசணி, அம்மா பாரு, அம்மா!

– அக்கா, நான் அவங்க வீட்டுக்காரர் பேசறேன்.

– வா தம்பி வா, உன்னைத்தான் தேடறேன். என்ன புள்ள நீ? ஜன்னல்ல டம்மு டம்முன்னு தட்டற. என்னவோன்னு ஷட்டர தூக்கினா, உள்ள பிள்ளைய நீட்டற. அந்தப் புழுதிக்காத்துல ஒரு பிள்ளைய நீட்டினா யார்னாலும் கை நீட்டத்தானே செய்வாங்க? தம்பி, தம்பி, நான் இல்லப்பா, நான் வேறன்னு கத்தறேன். இடியில உனக்கு எங்க கேக்குது? அடுத்தாப்ல பையையும் தள்ளற. பஸ்ஸு கிளம்பிடுச்சு.

– மன்னிச்சிருங்க அக்கா. நான் முகத்த பாக்கல.

– என் முகத்த எவன் பாத்தான், விடு. உங்க ஸ்டாப்ல இறங்கிடலாம்னு பாத்தேன். அதுக்குள்ள மழை கொட்டி அங்க முழங்காலுக்கு மேல தண்ணி, டிரைவர் நிறுத்தவே இல்ல. சரி, நம்ம வீட்டுக்குத் தூக்கிட்டுப் போவோம்னு வந்துட்டேன். இங்க கரண்டும் இல்ல, போனும் இல்ல. நானும் ஒரு மணி நேரமா தெருவுல யாராவது போன் தருவாங்களான்னு தவிச்சேன்.

– அக்கா, உங்களுக்கு எப்படி நன்றி சொல்றதுன்னே தெரியல. நாங்க உடனே வரோம்.

– மெதுவா வாங்க, தண்ணி வடியட்டும். ஆனா ஒண்ணு தம்பி, நான் சொல்றத முழுசா கேளு. எனக்கு ஒரே குழப்பம். இவதான் எங்க எல்லாருக்கும் முன்னாடியே கிளம்பிட்டாளே, அப்புறம் நீ எதுக்குப் பிள்ளையோட ஜங்ஷன்ல நிக்கறன்னு பஸ்ல பூரா யோசிச்சேன்.

– முன்னாடியே கிளம்பிட்டாளா?

– அக்கா, நாங்க நேர்ல வந்து பேசறோம்க்கா.

– ஆமா தம்பி. பதினோரு மணிக்கே கரண்ட் போயி மெஷினெல்லாம் நின்னுடுச்சு. சூப்பர்வைசர் வந்து, இன்னைக்கு அவ்வளவுதான், போங்கன்னுட்டார். நாங்கெல்லாம் வெயிலுக்கு பயந்து ஷெட்லயே காத்தாட உக்காந்துட்டோம். வழக்கமான பஸ்லயே போய்க்கலாம்னு. இவ மட்டும் பையத் தூக்கிட்டு பதினொண்ணரைக்கே கிளம்பிட்டா. பிள்ளைய பாக்கப் போறா போலன்னு நினைச்சேன். அதான் அவ சீட்டு காலியா இருந்துச்சு, நான் ஜன்னல் பக்கம் நகர்ந்து உக்காந்தேன். சரி, இந்தப் பொண்ணு போன கேக்குது, வச்சுடறேன். வீடு பச்சைக் கதவு, வாசல்ல தண்ணித் தொட்டி இருக்கும். வாங்க.

– கிடைச்சுட்டான்.

– ம்.

– அழாத. கிடைச்சுட்டான்ல.

– ம்.

– பதினொண்ணரைக்கா கிளம்பின?

– ஆட்டோ பிடிங்க. முதல்ல போய் அவனைத் தூக்கிக்கலாம்.

– பிடிக்கலாம். பதினொண்ணரைக்குக் கிளம்பினா பன்னெண்டுக்கு வீட்ல இருந்திருக்கலாமே. நான் வீட்லதான் இருந்தேன். அவனை மடியில போட்டு விசிறிக்கிட்டிருந்தேன்.

– தெரியும்.

– அப்ப ரெண்டேகால் வரைக்கும் எங்க இருந்த?

– பஸ் ஸ்டாண்ட்லதான். பெஞ்சுல.

– யாரோட?

– யாரோடயும் இல்ல. அதுக்குத்தான் உக்காந்தேன்.

– எனக்குப் புரியல.

– எனக்கும் புரியலங்க. பத்து நிமிஷம்னு நினைச்சுத்தான் உக்காந்தேன். அங்க காத்துகூட இல்ல, வேர்த்து ஊத்துச்சு. ஆனா என் மேல யாரும் ஏறல, யாரும் எதையும் கேக்கல, யாரும் எதையும் என் கையில கொடுக்கல. சும்மா என் கைய பாத்துக்கிட்டு உக்காந்திருந்தேன். அப்புறம் எந்திரிக்கவே முடியல.

– மரம் விழுந்துச்சுன்னியே.

– மரம் ஒண்ணும் விழல.

– பஸ்?

– வந்துச்சு. மூணு பஸ் வந்துச்சு. நீங்க பூசணிய கொடுத்தீங்களே, அந்த பஸ்ஸும் ஷட்டரெல்லாம் இறக்கி எனக்கு நேரா வந்து நின்னுச்சு. கண்டக்டர் படியில நின்னு, ஏறும்மா, மழை வருதுன்னு கூப்பிட்டார். இது என் பஸ் இல்லைங்கன்னு சொல்லிட்டேன்.